ஓடையில் வைத்த பால்

2019 ஓகஸ்ட் பதினாறு, மாதா திருநாளுக்கு மறுநாள். எஸ்தர் இரண்டு துணிப்பைகளோடு தெஹியோவிட்டவில் அவிசாவளை பஸ் ஏறினாள். இருபத்திரண்டு வருடம் இறப்பர் பால் வெட்டிய தோட்டத்தை விட்டுப் போகிறவள், ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்றுதான் பார்த்தாள்.

அவளைக் கிளப்பிவிட்டது ஒரு கண்ணாடி மிதவை. பாலை அளந்து சேர்க்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை ஞானப்பிரகாசம் ஒவ்வொருவர் கொண்டுவரும் இறப்பர் பாலிலும் அதை இறக்கிப் பார்ப்பார். இறப்பர் தண்ணீரைவிட லேசு. நல்ல பாலில் மிதவை ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்தால் பால் கனத்து, மிதவையை மேலே தூக்கிவிடும். எஸ்தரின் பாலில் அது மூன்று வாரமாக மேலேயே நின்றது.

அந்த மூன்று வாரமும் அவளுக்குக் கிடைத்தது, மடுவத்துக்குத் தூரமான கடைசி மலை. மடுவம் வந்து சேருமுன் பால் திரைந்துவிடும். திரையாமலிருக்கக் கொடுக்கும் அமோனியாவின் நெடி பட்டால் அவளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். அதனால் வாளியை இறுக மூடி, ஓடையின் குளிர்ந்த தண்ணீரில் கழுத்தளவுக்கு இறக்கி வைத்துவிட்டு மற்ற மரங்களைப் பார்க்கப் போவாள். யாரோ அதைக் கண்டு கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை, பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது ஞானப்பிரகாசம் கேட்டார்.

“எஸ்தர், பாலுக்கு ஓடையில ஞானஸ்நானம் குடுக்கிறியாமே?”

சிரிப்பு அடங்கும்வரை அவள் பொறுத்தாள்.

“வாளிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போகலைங்க ஐயா.”

“அப்ப கண்ணாடி பொய் சொல்லுதா?”

கண்ணாடி ஏன் அப்படிக் காட்டுகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. தினமும் அந்தக் களத்தில் போய் நிற்கவும் முடியவில்லை.

அவிசாவளைப் பக்கம், கையுறை செய்யும் ஃபெக்டரி ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், பால் சோதிக்கும் அறையில் நுஸ்கா என்ற பெண் மிதவையை இறக்குமுன் சூடு பார்க்கும் கருவியைப் பாலில் வைப்பதைக் கண்டாள்.

“அது என்னத்துக்கு மகள்?”

“சூடு பாக்காம அளந்தா கணக்குப் பிழைச்சிரும் அன்ட்டி. குளிர்ந்தா பால் சுருங்கும். அதே பால்தான், கொஞ்சம் குறைஞ்ச இடத்துல அடங்கிரும். அப்ப கனம் கூடி மிதவ மேல வந்துரும்.”

எஸ்தர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “தண்ணி கலந்த மாதிரியே காட்டுமா?”

“அப்படியேதான்.”

அன்றே ஒரே பாலை இரண்டு ஜாடியில் எடுத்து, ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நுஸ்கா இரண்டையும் அளந்து காட்டினாள். குளிர்ந்த பாலில் மிதவை மேலே நின்றது. எஸ்தர் அதைப் படம் பிடித்து, இரண்டும் ஒரே பால்தான், ஒன்று குளிர்ந்தது என்று எழுதி ஞானப்பிரகாசத்துக்கு அனுப்பினாள். அவர் பார்த்துவிட்டார் என்பதை ஃபோன் காட்டியது. பதில் வரவில்லை.

வந்தபோது 2024 ஆகியிருந்தது.

“எஸ்தர், அடுத்த மாசம் நான் ரிட்டயர். நீங்க அனுப்பின படம் மனசுல கெடந்துச்சு. நேத்து நானே நல்ல பால வாளியில மூடி, உங்க ஓடையில வச்சு எடுத்தேன். மிதவ மேலதான் நின்னுச்சு. இன்னைக்கு பெரட்டுல எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன், எஸ்தர் பால்ல தண்ணி இல்லன்னு. சிரிச்சாங்க. இந்தத் தடவ என்னப் பாத்து.”