லெசியெலி சொல்லாத பதில்

கலோலைனைப் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சர்ச்சில் எனக்கு நேர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாலும் சரி. ஏன் என்று கேட்பவர்களுக்கு என் அண்ணி லெசியெலியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

லெசியெலி என் அண்ணனைக் கட்டி வந்தவள். அவன் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனான், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். அவனைப் பற்றி இவ்வளவு போதும். அதன் பிறகு அவள் தன் அப்பா ஃபெலெதியின் கடலோரத்துப் பழைய வீட்டுக்கே போய்விட்டாள். பெரிய அலை ஏறும் நாட்களில் உப்புத் தண்ணீர் அடுப்படிவரை வரும். பாய்களைச் சுருட்டிப் பெட்டிமேல் போட்டு, பெரியவரைக் கட்டிலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, வாளியால் இறைத்துக் கொட்டுவாள். இறைக்கும்போதே கடலைத் திட்டுவாள். அவள் திட்டுகிற திட்டுக்கு வேறு கடலாக இருந்தால் ஓடியிருக்கும்.

கடற்கரை விடுதி ஒன்றில் சமையலறை வேலை பார்த்தாள். அங்கே வருகிற வெள்ளைக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர் ஆண்கள் ஆஸ்திரேலியாவுக்குத் தக்காளி பறிக்கப் போகத் தொடங்கியபோது, நேர்காணலில் ஆங்கிலம் கேட்டார்கள். பெட்டியை வண்டிக்குள் வை, வண்டிக்கு அடியில் போகாதே, இதெல்லாம் புரிந்தால்தான் கைகால் மிஞ்சும் என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் எங்கள் டோங்காத் தீவு மொழியில் ‘இ’ என்று ஒரு சின்னச் சொல் உண்டு. இன், ஆன், அட் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே போதும். ஆங்கிலக்காரன் காருக்கு ‘இன்’ என்பான், பஸ்ஸுக்கு ‘ஆன்’ என்பான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இந்த எழவெடுத்த சின்னச் சொற்களில்தான் நாங்கள் வரிசையாகக் கவிழ்ந்தோம்.

லெசியெலி சர்ச் கூடத்தின் பின்பக்கம் ஒரு வாளியையும் உயிருள்ள ஒரு கோழியையும் வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினாள்.

“டேய் செமிசி, கோழி எங்க?”

“வாளியில, அண்ணி.”

“வாளியிலன்னா? உள்ளயா, மேலயா? அந்த ‘இ’ய வீட்டுல விட்டுட்டு வான்னு சொன்னேனா இல்லையா?”

“கோழி ஆன் வாளி.”

“ஆன்னா அது மேல நிக்கணும். இது உள்ள உக்காந்து பேண்டுகிட்டு இருக்கு. கண்ணு ரெண்டும் எதுக்கு வச்சிருக்க?”

பின்னாலிருந்து மாகா கேட்டான். “அண்ணி, அது குழம்புச் சட்டியில கெடந்தா?”

“இன்!” என்று அத்தனை பேரும் கத்தினோம்.

“சோறுன்னா மட்டும் எல்லாவனுக்கும் இங்கிலீஷ் வந்துடுது” என்று அவள் வாளியை உதைத்தாள். கோழி பறந்தது. “இப்ப எங்கடா? வாளிக்கு ஓவர்! சொல்லித் தொலைங்க!”

அந்தக் கத்தலில்தான் நான் தேறினேன். ஊரில் பாதிப் பேர் தேறினோம். ஆஸ்திரேலியாவில் காசு பார்த்தோம், தகரக் கூரை போட்டோம். அவள் மட்டும் அதே வீட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லத்து வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. வயது வரம்பு இருந்தது. அந்த வருஷத்தை விட்டால் லெசியெலிக்கு அடுத்தது கிடையாது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அப்பாவுக்குத் தூண்மேல் ஒரு வீடு.

“தண்ணி பாட்டுக்குக் கீழ போகட்டும் செமிசி. நான் மேல உக்காந்து திட்டிக்கிறேன்” என்பாள்.

தேர்வு எங்கள் சர்ச் கூடத்திலேயே நடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து டேரன் என்று ஒருத்தன் வந்தான். உயரமான ஆள், நல்லவன்தான், வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். அவனுக்குத் துணையாக நகரத்து அலுவலகத்திலிருந்து கலோலைன் வந்தாள். பக்கத்து ஊர்க்காரி. மரியாதைக்குக் கட்டும் இடுப்புப் பாயை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, மடியில் படக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

லெசியெலியை என் லாரியில் கூட்டிப்போனேன். ஃபெலெதி மாமாவும் வருவேன் என்று அடம்பிடித்தார். நானும் அவரும் ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம். கண்ணாடிச் சட்டங்கள் திறந்திருந்தன. உள்ளே பேசுவது அப்படியே வெளியே கேட்டது.

படத்தைக் காட்டி எது எங்கே என்று கேட்டார்கள். முதல் படங்களுக்கு லெசியெலி பட்பட்டென்று பதில் சொன்னாள். தட்டு அலமாரிமேல். நாய் வண்டிக்கடியில். டேரன் “பிரமாதம்” என்றான். அடுத்த படத்தைக் கலோலைன் தூக்கிக் காட்டினாள். ஜன்னல் வழியாக எனக்கும் தெரிந்தது. ஒரு வெள்ளைக்காரன். அவன் தோளில் அவன் மகள் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை அவன் முடியைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கையில் ஐஸ்கிரீம், அது உருகி அவன் மண்டையில் ஒழுகுகிறது.

அப்பாவின் தலையை நாங்கள் தொடமாட்டோம், தோளில் ஏறி உட்காருவது பேச்சுக்கே இல்லை. அவர் கட்டிலில் படுக்கமாட்டோம், அவர் தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்னமாட்டோம். தொட்டதாக வாயால் சொல்லக்கூட மாட்டோம், அதுவும் அப்பா காது கேட்க. இங்கே அவள் அப்பா ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்.

“பொண்ணு எங்க இருக்கா?” என்று டேரன் கேட்டான்.

பிறகு லெசியெலியின் குரல் வந்தது. “அப்பாவுக்குப் பக்கத்துல.”

“நல்லாப் பாருங்க. பக்கத்துலயா?”

“அப்பாகூட இருக்கா.”

“இல்லங்க, எந்த இடத்துல?”

“பக்கத்துல” என்றாள் மறுபடியும். கோழிக்கும் வாளிக்கும் எங்களை அந்தப் பாடு படுத்தியவள்.

கலோலைன் அங்கேயேதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘சார், இவளுக்குத் தெரியும், எங்க ஊர்ல இதைச் சொல்லமாட்டோம்.’ அவ்வளவுதான். வாயைத் திறக்கவில்லை. படத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, தேறவில்லை என்று குறித்துக்கொண்டாள்.

லெசியெலி வெளியே வந்து, “வண்டிய எடு” என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. நேராக வாசல்படிக்குப் போனேன்.

“கலோலைன், வெளிய வா. உங்கப்பன் தலைய நீ தொட்டிருக்கியா?”

“மரியாதையாப் பேசு செமிசி. எல்லாருக்கும் அதே படந்தான். நடுவுல நான் பேசக் கூடாது, அது விதி.”

“விதியா? டோங்காக்காரியா இருக்கத்தான் உன்ன அங்க உக்கார வச்சிருக்கான். இல்லன்னா அந்த நாற்காலியே படத்தத் தூக்கிக் காட்டியிருக்கும்!”

மாமா தடியை ஊன்றி எழுந்தார். “என்ன படம்டா?”

லெசியெலி, “ஒண்ணுமில்லப்பா, வாங்க” என்றாள். அவர் எனக்கு அப்பா இல்லை, நான் சொல்லலாம். சொன்னேன்.

கிழவருக்குக் கோபம் வரும் என்று தெரியும். அது அவள்மேல் வரும் என்று நினைக்கவில்லை.

“பக்கத்துலயா?” என்றார். தடி தரையில் ஓங்கி விழுந்தது. “அந்தப் புயல்ல கடல் உள்ள வந்தப்ப நீ இத்துணூண்டு. எனக்குத் தண்ணி கழுத்துல. உன்ன எங்கடி வச்சேன்? பக்கத்துலயா வச்சேன்? பக்கத்துல வச்சிருந்தா அன்னைக்கே நீ நண்டுக்குத் தீனி!”

“அப்பா, வேணாம்ப்பா. எல்லாரும் இருக்காங்க.”

“இருக்கட்டும்! முடியக் கொத்தாப் புடுங்கினியே, அப்ப எங்க போச்சு உன் மரியாத? இங்க பாரு!” தொப்பியைக் கழற்றி எறிந்தார். “இந்த எடத்துல இன்னைக்கு வரைக்கும் முளைக்கல! போ உள்ள. போய் சத்தமாச் சொல்லு!”

ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒருத்தரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை. வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சத்தம் கேட்டு டேரன் வாசலுக்கு வந்தான். பெரியவருக்கு என்ன என்று கலோலைனிடம் கேட்டான். அவள் ஆங்கிலத்தில், “ஒண்ணுமில்ல சார், வெயில் தாங்கல அவருக்கு” என்றாள்.

எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாள். கோழி வாத்தியாரம்மாவிடம் படித்தவன் நான். கையை ஓங்கிக்கொண்டு போனேன்.

லெசியெலி என்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனாள். “வெயில் இல்ல சார். நான் தப்பாச் சொன்னேன். தெரிஞ்சேதான் சொன்னேன். இன்னொரு தடவ கேளுங்க.”

டேரன் அவளைப் பார்த்தான், தொப்பியில்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தான். என்ன புரிந்ததோ தெரியாது. “உள்ள வாங்க” என்றான்.

கலோலைன் வேறு படத்தை எடுத்தாள். நாற்காலி, பூனை. இரக்கமாம். லெசியெலி அதைத் திருப்பித் தள்ளினாள்.

“அதே படம்.”

நாங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்றோம். அவள் ஆங்கிலத்தில், எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, கோபம் குறையாத குரலில் சொன்னாள். பொண்ணு அப்பாவோட தோள்மேல உக்காந்திருக்கா. அவ கை அப்பா தலைமேல இருக்கு. மாமா இரண்டு தடவை இருமினார். நான் குனிந்து தொப்பியைத் தேடினேன்.

தேறிவிட்டாள்.

திரும்பும்போது மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எப்போதும்போல் லாரியின் பின்னால் ஏறிக்கொண்டாள். வீட்டில் அவருக்குக் கிழங்கும் லூவும் வைத்தாள். இலையில் பொதிந்து வெந்த அந்த லூக் கறியில் பாதியை அவர் மிச்சம் வைத்தார். அவள் காலையிலிருந்து பட்டினி. மிச்சத்தைத் தொடாமல் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டினாள்.

இப்போது வீடு தூண்மேல் நிற்கிறது. தண்ணீர் வந்தால் மேலே உட்கார்ந்து திட்டுவது மாமாதான். அவள் ஆஸ்திரேலியாவில் யாரோ ஒருவரின் அப்பாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள்.

கலோலைன் போன மாதம் பக்கத்துத் தீவில் தேர்வு நடத்திவிட்டு வந்தாள். அங்கேயும் சில பெண்கள் தேறவில்லையாம். எந்தப் படம் என்று மாகாவை விட்டுக் கேட்டேன். அதே படம்.