வண்டிக்குப் பின்னால் ஒரு கை

போன வாரம் ஒரு கேட்டுத் தூண் என்னோடு பேசியது.

நிதானமாகத்தான் எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை. தூணில் சிமென்ட் பூச்சு, மேலே ஒரு உருண்டை விளக்கு, நடுவில் அஞ்சல் பெட்டி. அது பேசியது. "சேச்சி" என்று மரியாதையாகக் கூப்பிட்டது.

நான் வேனில் குடியிருப்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு ஒரு வரி: பத்திரிகை வேலையை விட்டதும், ஒரு பிஸ்கெட் ஏஜென்சி கழித்துப்போட்ட டெலிவரி வேனை வாங்கிக் கட்டிலும் அடுப்பும் போட்டுக்கொண்டேன். பின்னால் இரட்டை இரும்புக் கதவு. ஜன்னல் கிடையாது. ரிவர்ஸ் கியர் போட்டால் பழைய முதலாளி மாட்டிய ஹார்ன் 'பீங்… பீங்…' என்று தெருவையே எழுப்பும்.

பகலில் இந்த வாழ்க்கை சொகுசு. சாயங்காலமானால் ஒரே கேள்விதான் — இன்றைக்கு எங்கே?

திருவனந்தபுரத்தில் இதற்குப் பதில் சுலபமில்லை. கடற்கரையில் நிறுத்தினால் போலீஸ் கண்ணாடியைத் தட்டும். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் செக்யூரிட்டி வந்து, "பேஷன்ட் யாரு?" என்பார். சாலை பஜாரில் ராத்திரி இடம் கிடைக்கும். ஆனால் தூங்க முடியாது. பொன்முடிக்குப் போகலாம் — வளைவுகளில் ஒதுங்க இடமில்லை, ஒதுங்கினால் அட்டைப்பூச்சி. மலையடிவாரத்து விதுராவில் மார்க்கெட் பக்கம் நன்றாகத்தான் தூங்கினேன், முதல் பஸ் என் தலைமாட்டில் வந்து நின்று உறுமும்வரை.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பூட்டிய வீடுகள் உள்ள சந்து.

பாப்பனங்கோடு பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் அப்படி ஒரு சந்து. இருபுறமும் மாடி வீடுகள். கிரானைட் படி, தேக்குக் கதவு, கார் ஷெட். ஆட்கள் எல்லாம் வளைகுடாவில். அந்தி விழுந்ததும் போர்ட்டிகோ விளக்குகள் டைமரில் தானாக எரியும். பால்காரன் வராத சந்து. யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மரத்தடி ஒன்றும் இருந்தது. வேறென்ன வேண்டும்?

முதல் நாள் ராத்திரி மதிலோரமாக ரிவர்ஸ் எடுத்தேன். பீங்… பீங்… ஹார்னுக்கு நடுவே மெலிதாக வேறு எதுவோ கேட்டது. யாரோ ராகமாக எதையோ சொல்வதுபோல். எஞ்சினை அணைத்தேன். நிசப்தம்.

பிறகு வண்டியின் பின்மூலையில் இரண்டு தட்டு.

போலீஸ் லத்தியால் தட்டுவது தெரியும். குடித்தவன் குத்துவதும் தெரியும். இது இரண்டும் இல்லை. விரித்த உள்ளங்கை. அவசரமில்லாத, பழகிய தட்டு. கண்ணாடிகள் இரண்டிலும் பார்த்தேன். சந்து காலி. இறங்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். நீங்கள் இறங்கியிருப்பீர்களா?

கட்டிலில் படுத்தேன். தலைமாட்டில் தகரம், தகரத்துக்கு அந்தப் பக்கம் இருட்டு. அவ்வப்போது தகரம் லேசாக முனகியது. சூடு ஆறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் யாரும் இல்லை.

மறுநாளும் அங்கேதான் போனேன். பயம் ஒருபக்கம், அடுத்த இடம் தேடும் சோம்பல் மறுபக்கம். சோம்பல் ஜெயித்தது.

பீங்… பீங்… நிறுத்தினேன். அதே இரண்டு தட்டு.

அப்போதுதான் தூண் பேசியது.

"சேச்சி… ஹெட்லைட் அணைக்காதீங்க. வெளிய இறங்காதீங்க."

எதிர்வீட்டுக் கேட்டுத் தூணில், அஞ்சல் பெட்டிக்கு மேலே, ஒரு சின்ன நீலப் புள்ளி எரிந்தது. கேமரா. அதற்குள் ஸ்பீக்கர்.

"யாருங்க அது?"

"வீட்டுக்காரன். அஜ்மான்ல இருந்து பேசுறேன் சேச்சி. பயப்படாதீங்க கேட்டோ… உங்க வண்டிக்குப் பின்னாடி எங்க அப்பா நிக்கிறாரு."

கண்ணாடியைப் பார்த்தேன். யாரும் இல்லை. ஜன்னலில்லாத வண்டியின் நேர் பின்னால் நிற்பவரை எந்தக் கண்ணாடி காட்டும்?

"நேத்தும் நின்னாரு" என்றது தூண். "நீங்க உறங்கினப்போ, வெளுக்குற வரைக்கும் வண்டி மேல கை வச்சுட்டு அங்கேயே நின்னாரு."

என் தலைமாட்டுத் தகரம் முனகியது நினைவுக்கு வந்தது.

"நேத்தே சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீங்க பயந்து வண்டிய ரிவர்ஸ் எடுத்துட்டா? அதான் விடியற வரைக்கும் போனைப் பாத்துட்டே இருந்தேன். இன்னைக்கும் வந்துட்டீங்க, இனி சொல்லாம முடியாது."

அப்புறம் வேகமாகச் சொல்லிமுடித்தார். அப்பாவுக்குச் சாலை பஜாரில் அரிசி மொத்தக் கடை. நாகர்கோவில் பக்கமிருந்து லோடு லாரி விடியுமுன் வரும். ரிவர்ஸ் சத்தம் கேட்டால் எழுந்துபோய், கை காட்டி வண்டியைப் பின்பக்கமாகக் கடைவாசலில் ஏற்றுவார். கடை போய்விட்டது. ஞாபகமும் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. அந்த எழுந்துபோதல் மட்டும் போகவில்லை. கூட இருக்கும் ஹோம் நர்ஸ் ஊருக்குப் போயிருக்கிறார், காலையில் வந்துவிடுவார். அதுவரை பகலில் சமையல்காரம்மா, ராத்திரிக்கு இந்தக் கேமரா. கேட்டைப் பூட்டினால் மதில் ஏறுகிறார். ஒருமுறை விழுந்தும் விட்டார்.

பூட்டிய வீடுகள் என்று நினைத்தேன் அல்லவா? ஒன்று பூட்டவில்லை. அதன் எதிரில்தான் இரண்டு நாளாக ஹார்ன் அடித்திருக்கிறேன்.

"வண்டிய முன்னாடி எடுத்துட்டுப் போயிடுங்க சேச்சி. நீங்க போனா அவரும் உள்ள போயிடுவாரு. ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீங்க. ப்ளீஸ்."

நியாயமாகப்பட்டது. கிளம்பினேன்.

பத்தடி நகர்ந்ததும் கண்ணாடியில் அவர் வந்தார். வெள்ளை வேஷ்டி, வெற்று மார்பு. வலது கை தலைக்கு மேல். விரல்களை மட்டும் மடக்கி மடக்கி என்னைப் பின்னால் அழைத்தபடி நடந்து வருகிறார். முகத்தில் கோபமில்லை. பொறுமை.

"அப்பா… நில்லுங்கப்பா! அப்பா!" தூணின் குரல் பின்னால் தேய்ந்துகொண்டே வந்தது.

நின்றேன். அவரும் நின்றார். நகர்ந்தேன். அவரும் நகர்ந்தார். சந்து முடியும் இடத்தில் நெடுஞ்சாலை. தெற்கேயிருந்து வரும் லாரிகள் ராத்திரியில் அங்கே யாருக்காகவும் வேகம் குறைப்பதில்லை. நான் போகப்போக, அவரை அதை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மணிக்கட்டு சில்லென்றிருந்தது.

"வீட்டுக்குப் போலாம் அண்ணாச்சி."

"டிரைவர் எங்க?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நான்தான்."

"எப்பமும் வாற செல்லையா எங்க?"

"வரலை."

"பின்னே? பொம்பளப் பிள்ளையவா லோடோட அனுப்புவான்?" கண் முழுக்க வண்டியின் பின்கதவில். "கடை பின்னால கெடக்கு, நீ முன்னால ஓட்டிட்டுப் போற. எந்தா இது? கையை விடு."

நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஏர் ஹார்ன் அடித்தது. அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

"அந்தா, இன்னொண்ணும் வந்தாச்சு. நீ நில்லு. அதையும் கூட்டிட்டு வாறேன்."

கையை உதறிவிட்டு நடந்தார். வயதானவர் நடையா அது? வேலைக்குப் போகிறவர் நடை.

பேச்சு அங்கே எடுபடாது என்று புரிந்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான் — செய்யாதே என்று சொன்ன அந்த ஒன்று.

"அண்ணாச்சி! முதல்ல இந்த வண்டிய ஏத்துவோம். எனக்கு இந்தச் சந்து பழக்கமில்லை. நீங்க பின்னால நின்னு சொல்லணும்."

நின்றார். யோசித்தார். "ம்… எடு" என்றபடி வண்டியின் பின்னால் போனார்.

ரிவர்ஸ் கியர் போட்டேன். பீங்… பீங்…

எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கை. அந்தக் கை மடங்கினால் நகர்ந்தேன். கை மறைந்தால் பிரேக். சில நேரம் நீண்ட மறைவு. சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத மறைவு. பிறகு கை திரும்ப வரும். குரலும்.

"வரட்டும்… வரட்டும்… லெஃப்ட் ஒடி… ம், நேரே… வரட்டும்…"

முதல் நாள் கேட்ட ராகம் இதுதான். போர்ட்டிகோ விளக்குகள் எரியும் ஆளற்ற வீடுகளின் நடுவே, இல்லாத ஒரு கடைக்கு, இல்லாத ஒரு லோடை அவர் அழைத்துக்கொண்டு போனார். நான் போனேன்.

"மதி!" போதும் என்று அர்த்தம்.

இரண்டு தட்டு. இறங்கிப் பார்த்தேன். மதிலுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கை நுழையும். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நேர்த்தியாக வண்டி நிறுத்தியதில்லை.

வீட்டுக்கு முன் வந்தாகிவிட்டது. ஆனால் அவர் உள்ளே போகவில்லை. பின்கதவின் கொண்டியைத் தூக்கித் திறந்தார்.

கட்டில். கசங்கிய விரிப்பு. தலையணை. அடுப்பின்மேல் கழுவாத பாத்திரம். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ஏதோ கலைய ஆரம்பித்தது. அரிசி இல்லாத லாரியை அந்த மனிதர் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

"சாக்கு எங்க?" என்றார். பிறகு நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பினார். "அப்ப சாக்கு அந்த வண்டியிலதான் வந்திருக்கு…"

"அப்பா, உள்ள போங்கப்பா" என்றது தூண். அவர் திரும்பவில்லை. "அப்பா, நான்தான்ப்பா." திரும்பவில்லை.

தூண் மறுபடி பேசியபோது குரல் வேறு. உயர்ந்த, பணிவான, கொஞ்சம் மூக்கால் பேசும் குரல்.

"முதலாளி!"

அவர் சட்டென்று திரும்பினார்.

"யாரு… குமாரா?"

"ஆமா முதலாளி. யூனியன்காரங்க இன்னும் வரலை. அவங்க வந்த பிறகு இறக்கினா மதி."

சாலை பஜார் கடைக்காரர்களுக்கு இது சட்டத்துக்கும் மேல். லோடு யாருடையதானாலும் சுமடு இறக்குவது யூனியன் ஆட்கள். முதலாளி தன் மூட்டையைத் தானே தொட்டாலும் வம்பு. ஆள் வரும்வரை வண்டி அப்படியே கிடக்கும். டிரைவர் அதிலேயே தூங்குவார்.

அவர் தலையை ஆட்டினார். கலைந்த முகம் மெல்லத் திரும்பக் கூடியது.

"அது சரியாக்கும். தொடப்படாது." என் கட்டிலைப் பார்த்தார். இப்போது அது அவருக்குப் புரியும் பொருளாகிவிட்டது. "நீ இங்கேயே கெடந்து உறங்கு. வெளுத்தப்புறம் இறக்கலாம். எவனாவது கேட்டா என் பேரைச் சொல்லு, கேட்டியா?"

கேட்டைத் தாண்டி உள்ளே போனார். தேக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நீலப் புள்ளி அணையவில்லை.

"சாத்திட்டாரா சேச்சி?"

"சாத்திட்டார். குமார் யாரு?"

"கடையில நின்ன ஆளு. நான் ஸ்கூல்ல படிக்கிறப்பவே மரிச்சுப் போயிட்டாரு." "நான் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு சேச்சி. குமாரண்ணன் கூப்பிட்டாத்தான்… இப்பம்தான் தெரிஞ்சுது."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து விடியும்வரை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூணும் பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் ஹோம் நர்ஸ் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை: "இவிடே வண்டி இடான் பற்றில்லா." இங்கே வண்டி போடக்கூடாதாம்.

"பெரியவர்தான் நிறுத்தச் சொன்னார். கேட்டால் பேரைச் சொல்லச் சொன்னார்" என்றேன்.

"எந்து பேரு?"

அப்போதுதான் உறைத்தது. பெயர் எனக்குத் தெரியாது.

விதுராவில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து ரிவர்ஸ் ஹார்ன் வயரை வெட்டிவிட்டேன். இப்போது இங்கேதான், மார்க்கெட்டுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்துகிறேன். சத்தமில்லாமல் பின்னால் வருகிறது வண்டி. அந்தச் சந்துப் பக்கம் போகவே இல்லை.

அன்று விடியுமுன் தூணிடம் என் நம்பரைச் சொல்லியிருந்தேன். முந்தாநாள் அஜ்மானிலிருந்து மெசேஜ். 'சேச்சி, நேத்து ராத்திரி எங்க ரோட்டுக்கு வந்தீங்களா?'

இல்லை என்று போட்டேன். ஒரு வீடியோ வந்தது. கேட்டுக்கு வெளியே பெரியவர். பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நர்ஸ், அவர் தோளைப் பிடித்தபடி. பத்திரமாகத்தான் இருக்கிறார். காலிச் சந்தைப் பார்த்துக் கையை மடக்கி மடக்கி அழைக்கிறார். வரட்டும்… வரட்டும்… பிறகு நெஞ்சளவு உயரத்தில், விரித்த உள்ளங்கையால், காற்றில் இரண்டு தட்டு. திருப்தியோடு உள்ளே போகிறார்.

இத்தனை ஊரில், இத்தனை ராத்திரியில், "இங்கேயே கெடந்து உறங்கு" என்று எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்குக் கொடுத்த அந்த இடத்தில் இப்போது யாரைத் தூங்க வைத்துவிட்டுப் போகிறார்?