விசில் சார் போட்ட மார்க்கு

விசில் சாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பள நாளில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அது பயன்பட்டது. மற்றபடி பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பள்ளி வாசலில் ஐஸ் விற்கிறவருக்கும் அவர் விசில் சார்தான். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதன் நுனியில் விசில். வீட்டுக்கு வந்தாலும் கழற்ற மறந்துவிடுவார். "சாப்பிட உட்காரும்போது கழுத்துல அது இருக்கக் கூடாது" என்று அவர் மனைவி சட்டமே போட்டிருந்தார். அந்த அம்மாள் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். சட்டம் போடுவது அவருக்குக் கைவந்த கலை.

விளையாட்டுப் பீரியட் என்றால் அந்தப் பள்ளியில் எல்லாருக்கும் இளக்காரம். அறிவியல் பாடம் முடியவில்லையா, விளையாட்டுப் பீரியடை எடுத்துக்கொள். பாட்டுப் போட்டிக்கு ஒத்திகையா, அதையே எடுத்துக்கொள். கடன் மாதிரிதான் கேட்பார்கள், திருப்பித் தந்தவர் ஒருவரும் இல்லை. முதல் குற்றவாளி கணக்கு டீச்சரேதான். கட்டின புருஷனிடமே வந்து, "சார், இன்னைக்கு எனக்குக் குடுங்க" என்று வகுப்பையே ஓட்டிக்கொண்டு போவார். "எடுத்துக்குங்க டீச்சர்" என்று இவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, ஆளில்லாத மைதானத்தில் வாலிபால் வலையின் ஓட்டைகளை முடிந்துகொண்டிருப்பார். பாவம் என்று பார்த்தால் பாவம்தான். ஆனால் அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மதிப்பெண் அட்டையில் அவருடைய கட்டத்துக்கு மார்க்கே கிடையாது. 'திருப்தி' என்று எழுதவேண்டும், அவ்வளவுதான். கால் ஒடிந்து வருஷம் பூராவும் மர நிழலில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் திருப்தி.

அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, "சார், இந்த வருஷம் விளையாட்டுக்கும் மார்க் உண்டு. மொத்தத்துல சேரும். எப்படிப் போடணும்னு நீங்களே ஒரு திட்டம் யோசிச்சு சொல்லுங்க" என்று தலைமை ஆசிரியை சொன்னதும், மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

வந்த வேகத்தில் திட்டத்தைச் சொன்னார். வேகமாக ஓடுகிறவர்களுக்கு அதிக மார்க், மெதுவாக ஓடுகிறவர்களுக்குக் குறைந்த மார்க்.

"நெட்டையாப் பொறந்தவனுக்கு மார்க்கு, குட்டையாப் பொறந்தவனுக்கு முட்டையா?" என்றார் டீச்சர், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"அப்போ, ஒழுங்கா மைதானத்துக்கு வந்து நிக்கிறவங்களுக்கு மார்க்."

"நிக்கிறதுக்கு மார்க்குன்னா கோல் போஸ்டுக்கும் சேர்த்துப் போடுங்க."

வெங்காயம் முடிந்து, அடுப்பு அணைந்து, பாத்திரம் கழுவும் நேரத்தில் சாருக்குப் பளிச்சென்று உதித்தது. யாரும் அடுத்தவரை முந்த வேண்டாம். அவரவர் தன்னைத்தானே முந்தட்டும். பருவத் தொடக்கத்தில் ஒரு ஓட்டம், முடிவில் ஒரு ஓட்டம். இடையில் எவ்வளவு வேகம் கூடியதோ அதற்குத்தான் மார்க்.

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தாங்க இருக்கு" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது குதிரைக் கொம்பு. சாருக்கு அன்று தூக்கமே பிடிக்கவில்லை.

திட்டத்தை அச்சடித்து எல்லா வீடுகளுக்கும் அனுப்பினார்கள். சார் அதோடு விடவில்லை. விதியை மறைத்து வைத்துக்கொண்டு மார்க் போடுவது நியாயமில்லை என்பது அவர் கட்சி. முதல் ஓட்டத்துக்கு முன்னாலேயே எட்டாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி, திட்டத்தை வரிவரியாக விளக்கினார். "இன்னைக்கு உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவும் ஓடுங்க, செல்லங்களா" என்றும் சொன்னார்.

எட்டாம் வகுப்போ நரியை நனையாமல் குளிப்பாட்டுகிற வகுப்பு. விசில் ஊதியதும் எல்லாரும் ஆடி அசைந்து கிளம்பினார்கள். ஒருத்தன் குனிந்து ஷூ லேஸ் கட்டினான், கொஞ்ச தூரம் போய் அதே லேஸை மறுபடியும் கட்டினான். இன்னொருத்தி கீழே விழுந்த பென்சிலைத் தேடித் திரும்பி வந்தாள். ஓட்டப் பந்தயத்துக்கு எதற்கு பென்சில் என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். விசில் சாருக்கோ கண் கலங்கிவிட்டது. "பிள்ளைங்க உடம்புல சத்தே இல்லையே" என்று சொந்தக் காசில் குளுக்கோஸ் வாங்கிக் கலக்கி, டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார். ஏமாற்றியவர்களுக்கே உபசாரம்!

ஒரே ஒருத்திதான் ஓடினாள். மற்றவர்கள் பாதி மைதானம் வருவதற்குள் முடித்துவிட்டு, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண். சிட்டு என்று கூப்பிடுவார்கள். கால்கள் பறக்கும், புத்தகத்தைத் திறந்தால் மட்டும் தரை தட்டிவிடும். ஏற்கனவே ஒருமுறை இதே எட்டாம் வகுப்பில் தங்கிப்போனவள். இந்த வருஷமும் தேறாவிட்டால், "படிச்சது போதும், அத்தை வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையைப் பார்த்துக்கோ" என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். மேல் வகுப்புக்குப் போக மொத்த மார்க்கில் ஒரு எல்லை உண்டு. விளையாட்டு மார்க்கும் சேருகிறது என்றதும், சிட்டு இந்தத் தடவை தாண்டிவிடுவாள் என்று ஆசிரியர்கள் அறையிலேயே பேசிக்கொண்டார்கள்.

பருவம் முடிந்து இரண்டாவது ஓட்டம் வந்தது. எட்டாம் வகுப்பு பறந்தது. லேஸ் கட்டினவன் புயலாக வந்தான், பென்சில்காரி அவன் பின்னாலேயே வந்தாள். சிட்டு எப்போதும்போல முதலில் வந்து குழாயடிக்குப் போனாள். சாருக்கு நெஞ்சு விம்மியது. எல்லாம் தன் பயிற்சியின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் அளந்த அளப்பைக் கேட்டு டீச்சர் முதலில் தலையாட்டினார். லேஸ் கதை வந்ததும் முகம் மாறியது. பென்சில் கதைக்குக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏங்க, முதல் நாள் அவங்க ஓடவே இல்லைங்க! மார்க் எப்படிப் போடுவீங்கன்னு நீங்களே முன்னாடி சொல்லிட்டீங்க. மெதுவா ஓடினா லாபம்னு அவங்க கணக்குப் போட்டுட்டாங்க. நான் சொல்லிக் குடுக்கிற கணக்குல ஒண்ணையாவது இப்படிப் போட்டிருக்காங்களா!" சிரிப்பு அடங்கியதும், "எனக்கும்ல தோணாமப் போச்சு" என்றார். பிறகு திடீரென்று, "சிட்டுவுக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

சார் மார்க் பட்டியலை எடுத்துப் பார்த்தார். சிட்டு முதல் நாளே முழு மூச்சையும் கொடுத்து ஓடிவிட்டாள். தன்னைத்தானே முந்த அவளிடம் மிச்சம் எதுவும் இல்லை. திட்டப்படி அவளுக்கு முட்டை.

"நான் போட்ட திட்டம்மா அது" என்றார் சார் கடைசியில். "அந்தப் புள்ளையை நானே அத்தை வீட்டுக்கு அனுப்பப் போறேன்."

"உட்காருங்க, அதெல்லாம் அனுப்ப வேண்டாம்" என்றார் டீச்சர். இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவது. இரண்டாவது ஓட்டத்தில் நிற்காமல் ஓடி முடித்த எல்லாருக்கும் பாதி மார்க் நிச்சயம், குட்டையோ குண்டோ. மீதிப் பாதி மட்டும் வேகத்துக்கு.

மறுநாள் காலை சார் தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றார்.

"திட்டம் தப்புங்க மேடம். மாத்தணும்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை, ஆனால் பெற்றோர்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர். "வீட்டுக்கு வீடு அனுப்பியாச்சு சார். இப்போ மாத்தினா எல்லாரும் என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. சரி, இந்த வருஷம் நீங்க சொல்றபடியே போடுங்க, நான் பேசிக்கிறேன். ஆனா அடுத்த வருஷத்துலேர்ந்து விளையாட்டுக்கு மார்க் வேண்டாம். பழையபடி 'திருப்தி'யே இருக்கட்டும்."

எத்தனை வருஷம் அந்தக் கட்டத்தில் ஒரு மார்க்குக்காக ஏங்கியவர்! கிடைத்ததைத் தன் கையாலேயே திருப்பிக் கொடுக்கவேண்டியதாயிற்று. வலித்தது, வலிக்காமல் என்ன? "சரிங்க மேடம்" என்று வெளியே வந்து, நேராக மைதானத்துக்குப் போய் வலையின் ஓட்டைகளை முடிய ஆரம்பித்தார்.

எட்டாம் வகுப்பிடம் அவர் கோபப்படவில்லை. "முதல் ஓட்டம் செல்லாது, அதுல நான் ஏமாந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று அவர்களுக்கு இருந்திருக்கும்.

முடிவு வந்த அன்று சிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து ஓடிவந்தாள். மயிரிழையில் தேறியிருந்தாள். மூச்சு வாங்க, "ஒன்பதாவது சார்!" என்றாள். சார் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு, ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார்.

"ஏம்மா, முதல் நாள் மெதுவா ஓடணும்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்களே சார். எல்லாரும்தான் சொன்னாங்க."

"அப்புறம் ஏன் ஓடினே?"

இது என்ன கேள்வி என்பதுபோல அவள் அவரைப் பார்த்தாள். "நீங்க விசில் ஊதிட்டீங்களே சார்."

அன்று வீட்டில் சார் இதைச் சொன்னபோது கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. தட்டை எடுத்து வைத்தார், சோறு போட்டார். சார் கழுத்தில் விசிலோடு அப்படியே சாப்பிட உட்கார்ந்தார். டீச்சர் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்.