ஓடுகிற பெல்ட்டைச் சுத்தம் செய்யச் சொன்னேன்

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். கோத்தகிரி போகும் வழியில், கட்டபெட்டுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரியில் நடந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால், ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. அதில் நானும் உண்டு.

நான் அங்கே குவாலிட்டி சூப்பர்வைசர். வேதியியல் படித்தவள் என்பதற்காக எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் படம் போட்டு நாலு பேர் முன்னால் பேசத் தெரியும் என்பதற்காக வைத்துக்கொண்டார்கள். சுற்று வட்டாரத்துச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஃபேக்டரி எங்களுடையது.

அந்த வருடம்தான் எங்களைப் போன்ற எட்டு ஃபேக்டரிகள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தன. மாதம் ஒரு தடவை குன்னூரில் ஒரு ஹாலில் கூடுவோம். உற்பத்தியைக் கூட்ட எந்த வழி உதவியது என்று ஒவ்வொரு ஃபேக்டரியும் முறை வைத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைத் தங்கள் இடத்தில் செய்து பார்க்கலாம். நல்ல ஏற்பாடு, அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. வாட்டும் தொட்டியில் இலையை எப்படிப் பரப்புவது என்று ஒரு ஃபேக்டரி சொன்னதைக் கேட்டு நாங்களும் செய்தோம். இலை ஒரே சீராக வாடியது. தேயிலைக்காரர்கள் கூடும் அந்த ஹாலில் கொடுக்கும் டீயைத்தான் வாயில் வைக்க முடியாது. அதைத் திருத்தும் வழி மட்டும் எட்டு ஃபேக்டரிக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் குந்தா பக்கத்து ஃபேக்டரியின் மேனேஜர் பேசினார். வாடிய இலை ரோலரில் அரைபட்டு, கீழே ஓடும் பெல்ட்டில் விழுந்து, அடுத்த மெஷினுக்குப் போகும். அரைத்த இலை ஈரமாக, பசை மாதிரி இருக்கும். பெல்ட்டின் அடியில் ஒட்டி, நேரமானால் புளித்து, தூளின் ருசியையே கெடுத்துவிடும். அதனால் எங்கள் ஃபேக்டரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெல்ட்டை நிறுத்திக் கழுவுவோம். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் வேலை நிற்கும். அந்த மேனேஜரின் ஃபேக்டரியில் இப்போதெல்லாம் நிறுத்துவதே இல்லையாம். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பலகைத் துண்டைப் பிடித்து ஒட்டியதைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்களாம். பளபளவென்று பெல்ட்டின் போட்டோ காட்டினார். எல்லோரும் கை தட்டினோம்.

பக்கத்தில் இருந்த எங்கள் மேனேஜர் என்னைப் பார்த்து, "அம்மணி, எழுதிக்கிட்டீங்களா? நாளன்னைக்கே ஆரம்பிச்சுருங்க" என்றார். நான் எழுதிக்கொண்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் போட்டோவில் பெல்ட் இருந்தது, பலகை இருந்தது, பலகையைப் பிடித்திருக்கும் ஆள் இல்லை. அதுகூட என் கண்ணில் படவில்லை.

எங்கள் ஃபேக்டரியில் பெல்ட் கழுவும் வேலை ஓர் அக்காவுடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். சிலோனிலிருந்து திரும்பி வந்து பந்தலூரில் குடியேறிய குடும்பம். கல்யாணமாகி எங்கள் பக்கம் வந்தவர். மேனேஜரை இன்னும் 'தொரை' என்றுதான் சொல்வார். புது முறையை அவரிடம் விளக்கினேன்.

"ஓடுற பெல்ட்டுலயா? அது ஏலாது புள்ள" என்றார் ஒரே வார்த்தையில்.

"குந்தா பக்கமெல்லாம் அப்படித்தானுங்க்கா பண்றாங்க."

"பண்றவங்கள நீ பாத்தியா?"

"போட்டோ பாத்தேனுங்க்கா."

அக்கா சிரித்தார். பெல்ட்டின் கடைசி உருளையைக் காட்டினார். "இந்த எடத்துலதான் புள்ள கூடுதலா ஒட்டும். இதுகிட்ட கைய கொண்டு போனா இழுத்துரும்" என்றார். இருபது வருடமாக அந்தப் பெல்ட்டோடு மல்லுக்கட்டியவர் சொல்கிறார். நானோ, "பாத்து மெதுவா பண்ணுங்க்கா, பழகிரும்" என்றேன். எத்தனை சுலபமாக வந்தது அந்த வார்த்தை! படித்த பெண் சொல்கிறாள் என்று அவரும் பலகையை வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. நோட்டீஸ் போர்டில் அன்றாட உற்பத்தியை நானே பச்சை மையில் எழுதி வைத்தேன். மேனேஜர் போகும்போதும் வரும்போதும் அதன் முன் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

பதினோராவது நாள் காலை. விடாத மழை. மழை இலை என்றால் ஒட்டுவதும் அதிகம். நான் ருசி பார்க்கும் அறையில் கப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் சத்தத்தையும் மீறி ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் அக்கா கடைசி உருளையின் பக்கத்தில் மண்டியிட்ட மாதிரி கிடக்கிறார். ஸ்வெட்டர் கையை உருளை இழுத்து, உள்ளே அவர் கையும் முழங்கை வரை போயிருந்தது. ரோலர் பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர் பாய்ந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தார்.

அவர் அடிப்பதற்கு முன்பே பெல்ட் நின்றிருந்தது. அது ஏன் நின்றது தெரியுமா? பெல்ட் தளர்ந்து போயிருந்தது. கை சிக்கியதும் இந்த முனையில் பெல்ட் நிற்க, மோட்டார் இருந்த முனையில் உருளை மட்டும் வழுக்கிக்கொண்டு சும்மா சுற்றியிருக்கிறது. அந்தப் பெல்ட்டை இறுக்கச் சொல்லி அதற்கு முன் மூன்று தடவை ஃபிட்டரின் நோட்டில் எழுதியவள் நான். 'பெல்ட் தளர்வு, வேகம் குறைகிறது, உற்பத்தி பாதிப்பு' என்று அடிக்கோடு போட்டு வேறு எழுதியிருந்தேன். ஃபிட்டர் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதால்தான் அக்காவின் கை மிஞ்சியது. பெல்ட்டை இறுக்குவது, ஓடும்போதே சுரண்டுவது என்று நான் சொன்ன இரண்டு வேலையும் ஒழுங்காக நடந்திருந்தால் அந்தக் கையே போயிருக்கும்.

கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. டாக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்தையும் மடக்கிக் காட்டினார். எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் அழுதது அவர் இல்லை, நான்.

ஃபேக்டரிக்குத் திரும்பியதும் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மெஷின்கிட்ட போகக் கூடாதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியாதுங்களா?"

ஐப்பசி மழையில், மூச்சு விட்டால் புகை வரும் காலையில், ஈரத்தில் நிற்கிற பொம்பளை ஸ்வெட்டர் போட்டது குற்றமாம். சொன்னவர் ஜெர்கினும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு, அறைக்குள் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மஃப்ளரைப் பிடித்து இழுத்திருப்பேன். ஆனால் நான் செய்தது என்ன? "ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல வழுக்கி விழுந்ததா எழுதிருங்க அம்மணி" என்றார். எழுதினேன். என் கையால், என் பேனாவால், 'ஈரத் தரையில் வழுக்கி விழுந்து காயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இனிமே பழையபடி நிறுத்தியே கழுவலாமுங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"என்னங்க அம்மணி இப்படிக் கேக்கறீங்க? அடுத்த கூட்டத்துல நம்ம முறையில்லீங்களா? குந்தாக்காரங்க சொன்னத நாம எப்படி இன்னும் மேல கொண்டு போனோம்னு சொல்லப் போறோம். நீங்கதான் பேசறீங்க" என்றார். மறுநாளே அக்கா இடத்தில் இன்னொரு பெண் நின்றாள். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, குளிரில் வெடவெடத்துக்கொண்டு, கையில் அதே பலகை.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் குந்தா ஃபேக்டரியின் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். கூட்டங்களில் பார்த்துப் பழகியவர். கடைசி உருளையில் கை மாட்டாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஏனுங்க, நீங்க இன்னும் அதப் பண்றீங்களா?" என்றார். "நாங்க நிறுத்தியாச்சுங்களே. அந்தக் கூட்டம் முடிஞ்ச மறுவாரமே ஒருத்தருக்கு ரெண்டு வெரலு போயிருச்சுங்க."

எங்கள் அக்கா பலகையைத் தொட்ட முதல் வாரத்திலேயே அங்கே அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். குழுவுக்கென்று போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. தினமும் காலை வணக்கமும் பூப்படமும் வரும். 'நிறுத்துங்கள்' என்ற ஒரு வார்த்தையை அதில் போட எவருக்கும் விரல் வரவில்லை.

"ஏனுங்க எங்ககிட்டச் சொல்லல?" என்று கத்தினேன்.

"அது கூட்டத்துல சொல்ற விசயமுங்களா அம்மணி? நல்லதச் சொல்றதுக்குத்தானுங்க கூட்டம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

போனை வைத்ததும் ரெஜிஸ்டரை எடுத்தேன். நான் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்து, நடந்ததை நடந்தபடி எழுதி, மறுபடியும் கையெழுத்துப் போட்டேன். நேராக மெஷின் பக்கம் போய் அந்தப் பெண்ணிடமிருந்து பலகையை வாங்கிக்கொண்டு, பெல்ட்டை நிறுத்தித்தான் கழுவ வேண்டும் என்று சொன்னேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். பதிலுக்கு நானும் சத்தம் போட்டேன். குந்தாவில் நடந்ததைச் சொன்னதும் அவர் குரல் இறங்கியது. "சரி, நிறுத்தியே கழுவட்டும். ஆனா கூட்டத்துல இதப் பத்திப் பேச வேண்டாம்" என்றார்.

கூட்ட நாள். ஹாலில் நாற்பது பேர். திரையில் நான் தயாரித்த முதல் படம்: எங்கள் ஃபேக்டரியின் முகப்பு, கீழே மேனேஜர் பெயர், என் பெயர். அதோடு நிறுத்திவிட்டு, படம் காட்டாமல் பேசினேன். அக்காவின் கை எப்படி மாட்டியது, பெல்ட் எதனால் நின்றது, நான் ரெஜிஸ்டரில் என்ன எழுதினேன், எல்லாவற்றையும் சொன்னேன். குந்தாவில் போன இரண்டு விரல்களையும் சொன்னேன்.

குந்தா மேனேஜர் எழுந்து, "அது எங்க உள் விவகாரமுங்க" என்றார். குழுத் தலைவர், "இதெல்லாம் தனியாப் பேசிக்கலாமே" என்றார். எங்கள் மேனேஜர் டீ கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வேறொரு ஃபேக்டரியின் சூப்பர்வைசர். அங்கேயே நின்றபடி போனைக் காதில் வைத்து, "பெல்ட்ட நிறுத்து. ஆமா, இப்பவே. அந்தம்மாகிட்ட இருந்து பலகைய வாங்கிரு. வாங்கிட்டியா? வாங்கிட்டுச் சொல்லு" என்றார். பதில் வந்த பிறகுதான் அவர் போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்குக் காலைலதானுங்க ஆரம்பிச்சோம்."

அதற்கப்புறம் என்னிடம் 'தனியாகப் பேசலாம்' என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் என்னைக் கூட்டத்துக்கு அனுப்பவும் இல்லை.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் பாராட்டை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், மறைப்பானேன்.

"அங்க எம் பேரச் சொன்னியா புள்ள?" என்றார்.

"இல்லீங்க்கா. உங்களுக்கு ஏதாவது பிரச்சினை வந்துருமோன்னு, ஒரு தொழிலாளின்னு மட்டும் சொன்னேன்."

"தொரை பேரு படத்துல இருந்திச்சு. ஒம் பேரும் இருந்திச்சு. கை என்னோடதுதானே? ஏலாதுன்னு மொதல்ல சொன்னதும் நாந்தானே? அதையாச்சும் எம் பேரு போட்டுச் சொல்லியிருக்கலாமே."

அவர் கோபம் என் கோபத்தைவிட நியாயமானது.

இப்போது மறுபடியும் கூட்டங்களுக்குப் போகிறேன். யாராவது எழுந்து புது முறை ஒன்றைச் சொல்லி, எல்லோரும் கை தட்டி முடித்ததும் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அதைக் கையால் செய்கிறவர் யார், அவர் என்ன சொன்னார்? அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பாதிப் பேர் பதில் தெரியாமல் விழிக்கிறார்கள் என்பதுதான் என் ஆறாத ஆத்திரம்.