ஜமீன் தோட்டத்தில் ஆடுகள்

வடக்கனந்தல் பக்கம், மலை ஏறும் ரோட்டை ஒட்டி ஒரு ஜமீன் பங்களா இருந்தது. ஜமீன் போய், கூரையும் ஒழுக ஆரம்பித்ததும் ஜமீன்தாரின் பேரன் அதை ஓட்டலாக்கினார். வரவேற்பு மேஜையில் உட்காருவது என் முதல் வேலை. அறைகள் சுமார். வெந்நீர் வந்தால் அதிர்ஷ்டம். ஆனால் தோட்டம் இருந்தது: பெங்களூர் ரோஜா, ஜமுக்காளம் விரித்தது போன்ற புல்தரை, மயில் உருவத்தில் கத்தரித்த புதர். தாத்தா வெள்ளைக்காரத் துரைகளுக்காகப் போட்டது என்பார் முதலாளி. யாரை வைத்துத் தோண்டினார் என்பதைச் சொல்லமாட்டார். புல்லை மிதிக்காதே என்ற பலகை தமிழில் மட்டும் இருந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். ஒருநாள் காலை ரோடெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் நின்றது, பால் நின்றது. என்னால் நைனார்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்குப் போக முடியவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதியும் மனைவியும் ஓட்டலிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாட்டில் முதலாளி பிரசங்கம் செய்தார். எதுவும் தகுதியால் வரவேண்டுமாம்; சலுகை கேட்டு ரோட்டை மறிப்பது அசிங்கமாம். நீதிபதி தலையாட்டினார். அவர் மனைவி ரசத்திலிருந்து நிமிர்ந்தார்.

"இந்த ஜமீனுக்கு உங்க தாத்தா எந்தப் பரீட்சை எழுதினாருங்க?"

உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிதான் கேட்டார். நான் ஜக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். அங்கே நின்று சிரித்தேன்.

மறுநாள் வெள்ளிமலையிலிருந்து சந்தைக்கு ஆடுகளை ஓட்டிவந்த வியாபாரி, சந்தை கூடவில்லை என்று தெரிந்து எங்கள் கேட்டில் நின்றார். ஆடுகளைக் கொஞ்சநேரம் புல்லில் விடட்டுமா என்று கேட்டார். முதலாளி துரத்தினார். மத்தியானத்துக்குள் பருப்பும் தீர்ந்தது. மறியல் அசிங்கம் என்றதற்கு நேற்றுத் தலையாட்டிய நீதிபதி, வாசலில் கத்துவது ஆடுதானா என்று விசாரித்தார். முதலாளி என்னையே தூது அனுப்பினார்.

வியாபாரி யோசிக்கவே இல்லை. "கறிக்கு ரெண்டு தரேன். மீதி இன்னா, காத்தயா துன்னும்? உள்ள வுடுங்க."

கேட்டைத் திறந்தேன். முதலில் மயிலின் வால் போனது, அப்புறம் ரோஜா, அப்புறம் துரைமார் நடந்த புல். வியாபாரி நடுவில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு முதல்முறையாக அந்தப் புல்லில் நடந்தேன். ஜில்லென்று இருந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த முதலாளி, குழம்பை இரண்டாம் தடவையும் ஊற்றச் சொன்னார்.

மறியல் முடிந்து எல்லோரும் போனார்கள். மழை பெய்ததும், ஆட்டுப் புழுக்கை தயவில் புல் முன்பைவிடப் பச்சையாக வந்தது. ஊட்டியிலிருந்து உரம் வரவழைத்ததாக முதலாளி எல்லோரிடமும் சொன்னார்.

சில வருஷம் கழித்து எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. முதலாளியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

"கோட்டாவா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

உட்காரச் சொல்லவில்லை. நானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.