மூன்று இருபது எத்தனை?

எண்பதுகளின் நடுப்பகுதியில் மருதனார்மடத்துக்குக் கிட்ட நான் ஒரு மா அரைக்கும் மில் வைத்திருந்தேன். சனம் மிளகாயையும் அரிசியையும் வரிசையில் வைத்துவிட்டுத் தங்கள் முறை வரும்வரை கதைத்துக்கொண்டிருக்கும். ஓடுகிற மெசினை மீறிக் கதைக்க வேண்டும் என்பதால் இரகசியத்தையும் கூவித்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு கைவிட்ட எனக்கு மிச்சப் படிப்பெல்லாம் அந்தக் கூவலில்தான் கிடைத்தது. சட்டப் படிப்பும் அதில் அடக்கம்.

எங்கள் ஒழுங்கையில், அந்தக் குறுகலான தெருவில், ஒருவனுக்கும் பக்கத்துக் காணிக்காரருக்கும் வேலிச் சண்டை. வேலி ஒரு முழம் இங்கே வந்ததா, அங்கே போனதா என்று அவர்களுடைய தகப்பன்மார் காலத்திலிருந்தே நடந்து வந்தது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் குற்றம் என்பதில்லை. சீதனத்தோடு சேர்ந்து வருகிற சொத்து. ஆனால் இவன் ஒருநாள் கோபம் தலைக்கேறி மற்றவருடைய புகையிலைக் கொட்டிலுக்கு நெருப்பு வைத்துவிட்டான். உள்ளே ஆள் படுத்திருப்பது தெரிந்தே வைத்தான் என்பது வழக்கு. மனிதர் உயிர் தப்பினார். வலது கை வெந்து, விரல்கள் மடங்காமல் போயின. செய்தது சின்ன வேலையில்லை. அதற்கு நான் வெள்ளையடிக்க வரவில்லை.

தீர்ப்புக் கேட்கக் கோட்டுக்குப் போனவர் அவனுடைய சித்தப்பா. தன்னுடைய வேலி வழக்குகளுக்காகக் கோட்டு வாங்குப் பலகையில் இருந்து இருந்து பாதி ஆயுளைத் தேய்த்தவர். அதனால் சட்டம் தனக்குத் தண்ணிபட்ட பாடு என்று நம்பியிருந்தார். நேரே மில்லுக்குள் வந்து மூன்று விரலைக் காட்டினார்.

"நெருப்பு வைச்சதுக்கு இருபது வருசம். கொல்லப் பாத்ததுக்கு இருபது. அத்துமீறிப் பூந்ததுக்கு இருபது. மூண்டு இருபது எத்தினை?"

"அறுபது!" என்றது மிளகாய் வரிசை ஒரே குரலில். வாய்ப்பாட்டில் எங்களை அசைக்க முடியாது.

நாளைக்கு பஸ் ஓடுமா, கடை திறக்குமா, ஊரடங்கா என்று எவருக்கும் தெரியாத காலம் அது. கோட்டுக்கு மட்டும் அடுத்த நூற்றாண்டின் பாதிவரை துலக்கமாகத் தெரிந்திருக்கிறது. அப்படி ஒரு கண் எங்கள் சாத்திரிமாருக்கும் இல்லை.

"இப்ப முப்பது. வெளியாலை வரேக்கை தொண்ணூறு. பொல்லு ஊண்டிக்கொண்டுதான் வருவான்" என்றார் ஒருவர்.

"நடுவிலை செத்துப்போனால் மிச்சத்தை ஆர் இருக்கிறது?" என்று கேட்டாள் ஒரு கிழவி.

"அடுத்த பிறப்பிலை பிடிச்சு இருத்துவினம், எணை."

"அடுத்த பிறப்பிலை மாடாய்ப் பிறந்திட்டால்?"

"மாட்டுக்கு மறியல் புதிசே? இப்பவும் கட்டையிலைதானே நிக்குது."

மறியல் என்றால் எங்கள் ஊரில் சிறை. அறுபது வருட மறியலுக்குப் பொருள் காண வேண்டுமானால் மறுபிறப்பை நம்பத்தான் வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் எங்களைவிடப் பெரிய சைவக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

கை வெந்தவரும் அன்று அரிசியோடு வரிசையில் நின்றார். எல்லோரும் அவர் சந்தோசப்படுவார் என்று முகத்தைப் பார்த்தார்கள்.

"அறுபதை வைச்சு நான் என்ன செய்யிறது? அவிச்சுத் தின்னுறதோ?" என்றார் அவர். "எரிஞ்ச கொட்டிலுக்கு ஒரு கிடுகு தரச்சொல்லித் தீர்ப்பிலை இருக்கே? உவனைக் கொஞ்சக் காலம் உள்ளுக்கை வைச்சுப்போட்டு, பிறகு என்ரை தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க விட்டிருந்தால் எனக்கும் ஒரு கை கிடைச்சிருக்கும், உவனுக்கும் கொழுப்புக் கரைஞ்சிருக்கும்."

இவ்வளவு புத்தியான பேச்சைக் கோட்டில் யாராவது பேசியிருந்தால் வாயை மூடு என்றிருப்பார்கள்.

நெருப்பு வைத்தவனுக்கு மனைவி இருந்தாள். இருபத்தாறு வயது, கலியாணமாகி இரண்டு வருடம், பிள்ளை இல்லை. அறுபது என்று கேட்டதும் மாமியாரே அழுதழுது அவளுக்கு வழி விட்டுவிட்டார். "அறுபதுக்குக் காத்திரு எண்டு நான் எந்த வாயாலை சொல்ல? உன்ரை கொண்ணை வீட்டை போ, பிள்ளை." சண்டிலிப்பாயில் இருந்த தமையன் அங்கே ஒரு பாலர் பள்ளியில் அவளுக்கு வேலையும் பேசிவிட்டான். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை, வழக்கை நடத்திய பிரக்கிராசியாரின், அதாவது வக்கீலின், கிளாக்கர் மிளகாயோடு மில்லுக்கு வந்தார்.

"ஆர் சொன்னது அறுபதெண்டு? தண்டனை ஏககாலத்திலை எண்டெல்லோ தீர்ப்பு. மூண்டும் ஒண்டாய் ஓடும். மொத்தம் இருபதுதான்."

வாசலில் நின்ற சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு ஆள் ஒரே நேரத்திலை மூண்டு மறியல் எப்பிடி இருக்கிறது? மூண்டு பஸ்ஸிலை ஒருமிக்க ஏறேலுமே?"

"ஏறேலாது, அண்ணை. ஆனால் மூண்டு ரிக்கற் எடுக்கலாம்."

இதைவிடத் தெளிவாக எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லியிருக்காது. ஒழுங்காக நடந்தால் அதிலும் கொஞ்சம் கழிப்பார்கள் என்று கிளாக்கர் போகிற போக்கில் சொன்னார். கழிவு என்ற சொல் காதில் விழுந்ததும் மலிவு விற்பனைக்கு வந்த சனம்போல எல்லோர் முகமும் மலர்ந்தது. "இருபதுதானே!" என்று ஒழுங்கை முழுவதும் ஒரே பேச்சு. முதல் நாளே இருபது என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக் கதறியிருப்பார்கள். அறுபதைக் காட்டிவிட்டு இருபதுக்குக் கொடுத்ததால் இலாபம் என்று வாங்கிக்கொண்டார்கள். புடவைக் கடைக்காரர் காலங்காலமாகச் செய்கிற வித்தைதான்.

வெள்ளிக்கிழமை காலை மாமியார் அரிசியோடு வந்தார். பின்னால் சட்டியைத் தூக்கிக்கொண்டு மருமகள்.

"தம்பி, மோதகத்துக்கு. நல்ல பட்டுப்போலை அரைச்சுத் தா. பிள்ளையார் நாப்பதைக் கழிச்சுத் தந்திட்டார்" என்றவர், மருமகள் பக்கம் திரும்பினார். "நீ இனி ஒரு இடமும் போகத் தேவையில்லை. கொண்ணை வந்தால் திருப்பி அனுப்பிவிடு. இருபதுதானே, கண்ணை மூடி முழிக்கப் போயிடும்."

மருமகள் அரிசிச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"மாமி, அறுபதெண்டேக்கை என்னைப் போகச் சொன்னியள். இருபதெண்டதும் பிடிச்சு இருத்துறியள். அப்ப குறைஞ்சது ஆருக்கு?"

நான் மெசினை நிறுத்தினேன். மில்லுக்குள் முதல்முறையாக ஆட்கள் கூவாமல் கதைத்தார்கள்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? இருபது அவனுக்கெல்லோ விழுந்தது."

"அவருக்கு ஒரு இருபது. வெளியிலை எனக்கு ஒரு இருபது. அதையும் ஒண்டாய் ஓடுற கணக்கிலை போட்டிட்டியள். நான் ஒருத்தற்றை கொட்டிலுக்கும் நெருப்பு வைக்கேல்லை. அவர் வரேக்கை எனக்கு நாப்பத்தாறு."

"நாப்பத்தாறு ஒரு வயசே?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"அப்ப நீங்கள் இருங்கோவன், அக்கா."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. வாசலில் தமையன் சைக்கிளோடு வந்து நின்றதை அவர் பார்த்துவிட்டார்.

"உன்னைப் போகச் சொல்லி ஆர் தீர்ப்புச் சொன்னது?"

"நான்தான். கோட்டிலை என்னை ஒருத்தரும் கூப்பிட்டுக் கேக்கேல்லை. அதாலை நானே சொல்லிப்போட்டன்." அவள் அரிசிச் சட்டியை மாமியார் பக்கம் நகர்த்தி வைத்தாள். "அவரைப் பாக்க மாதாமாதம் போவன், மாமி. அவரை நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. உங்கடை வீட்டிலை மறியல் இருக்கத்தான் ஏலாது."

பிறகு சைக்கிள் கரியரில் போய் ஏறி இருந்தாள். தமையன் மாமியாரைப் பார்க்கப் பயந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோரும் ஒரு பெரிய சாபம் வரும் என்று காத்திருந்தோம். அந்த அம்மா நன்றாகச் சபிப்பார், ஊரறியும்.

மாமியார் வாசல்வரை நடந்துபோனார்.

"மாதாமாதம் போவனெண்டு சொன்னது மெய்யே?"

"ஓம், மாமி."

"சிங்கள ஊர் மறியலெண்டு சொல்லுகினம். அங்கை தமிழிலை கேட்டால் மறுமொழி சொல்லுவினமோ, என்ன இழவோ. எனக்குத் தனியப் போக வழி தெரியாது. என்னையும் கூட்டிக்கொண்டு போறியே?"

"போற அண்டைக்கு விடியக்காலமை சந்தியிலை நில்லுங்கோ. நான் வாறன்."