மேவிஸ் போட்டுக்கொடுத்தாள்

மேவிஸ் கோவாலை எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகளின் பிரச்சினைகளைக் கேட்டு ஆலோசனை சொல்லும் கவுன்சலராக வந்த முதல் வருடமே அப்படி ஆகிவிட்டது. கனடாவில், மானிட்டோபா மாநிலத்தின் வடபகுதியில், ஏரிக்கரையில், ஐஸ் ஹாக்கியைத் தவிர வேறெதிலும் பெயர் வாங்காத ஊர் இது. பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் எழுத்தர். அவளுடைய அறைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். கேட்கக் கூடாதென்று தெரியும். கேட்டேன்.

அவள் வந்த புதிதில் தலைமையாசிரியர், விபத்தில் நசுங்கிய கார் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். குடித்துவிட்டு ஓட்டும் பிள்ளைகள் பார்த்துப் பயப்பட வேண்டுமாம்.

"ரெண்டு நாள் பயப்படுவாங்க. மூணாம் நாள் அது மேல ஏறி நின்னு போட்டோ எடுப்பாங்க," என்றாள் மேவிஸ், எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால்.

அப்படியே நடந்தது. அவள் சொன்னது பலித்ததைத்தான் தலைமையாசிரியர் மன்னிக்கவில்லை.

நவம்பரில் ஏரி மேலாக உறையும். பனிக்கட்டி கெட்டியாக ஜனவரி ஆகும். அதற்குள் பையன்கள் பிக்கப் வண்டியை அதன்மேல் இறக்குவார்கள். சீட் பெல்ட் போடமாட்டார்கள், கண்ணாடியை இறக்கி வைப்பார்கள், பனிக்கட்டி உடைந்தால் குதிக்க வேண்டுமே. பள்ளி ஹாக்கி அணியில் ஆடும் கார்சன் ரைமரின் வண்டியில் ஷெல்பி என்ற பதினாறு வயதுப் பெண்ணும் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று மேவிஸிடம் அனுப்பினார்கள். வண்டிக் கதை அங்கேதான் வெளியே வந்தது.

"அதுல ஏறினா உனக்கு என்ன கெடைக்குது?" என்று கேட்டாள் மேவிஸ்.

"என்ன கெடைக்கும். சும்மாதான்."

"ஏறலன்னா?"



"கரையில நிக்கணும். கரையில நிக்கிறவங்கள அப்புறம் எதுக்குமே கூப்பிட மாட்டாங்க, மிஸ்."

மேவிஸ் புத்தி சொல்லவில்லை. தானே கார்சனாக நடித்தாள். "என்னடி, பயமா?" என்று அவள் சீண்ட, "ஆமா, பயம்தான். நீ போ," என்று ஷெல்பி சொல்லிப் பழக வேண்டும். எத்தனையோ தடவை சொன்னார்கள். ஷெல்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத அங்க சொன்னா என்னைய கிழிச்சு எடுத்துருவாங்க, மிஸ்."

இரண்டு வாரம் அவள் ஏறவில்லை. மூன்றாவது திங்கட்கிழமை வந்து, சனிக்கிழமை ஏரி நடுவில் இருக்கும் தீவு வரைக்கும் வண்டியில் போகப்போவதாகச் சொன்னாள். ஐந்து பேர், ஒரே வண்டி. பனிக்கட்டி மூன்று விரல் கனம்கூட இல்லை.

"மொத நாளே சொன்னேன்ல," என்றாள் மேவிஸ். "இங்க பேசுறது இங்கயே இருக்கும். உசுருக்கு ஆபத்துன்னா மட்டும் வெளிய போகும். உங்க அம்மாகிட்ட ரெண்டு பேருமா சேந்து சொல்லலாம், வா."

"சொன்னீங்கன்னா இனி உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

மேவிஸ் அவள் கண்ணெதிரிலேயே போனை எடுத்தாள். ஐந்து வீடுகளுக்குப் பேசினாள், பிறகு போலீசுக்கு. கார்சனின் லைசென்ஸ் போயிற்று. அணியிலிருந்தும் அவனை நீக்கினார்கள். அடுத்த மூன்று ஆட்டமும் தோல்வி.

கார்சனின் அப்பா டெரிக் ரைமர்தான் அணியின் பயிற்சியாளர். பனி ஒட்டிய பூட்சோடு நேராக மேவிஸின் அறைக்குள் போனார், கதவைக்கூடச் சாத்தவில்லை.

"எங்கப்பா ஓட்டினாரு, நான் ஓட்டினேன், இப்ப என் பையன் ஓட்டுறான். நேத்து வந்த நீ என்னம்மா எங்க ஏரியப் பத்தி எங்களுக்கே சொல்றது?"

"உங்க கூட ஓட்டினவங்க எல்லாரும் இன்னும் இருக்காங்களா, டெரிக்?"

அவர் முகம் இறுகியது. ஊருக்கே தெரியும், அவருடைய சித்தப்பா மகன் ஏரியிலிருந்து திரும்பவில்லை. அதை யாரும் பேசுவதில்லை. மேவிஸுக்கு அது தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"உன்ன இந்த ஊர்ல இருக்க விடமாட்டேன்," என்றார் மெதுவாக.

செய்தும் காட்டினார். மேவிஸின் கதவில் 'போட்டுக்கொடுத்தவள்' என்று மார்க்கரில் எழுதியிருந்தது. துடைக்கத் துடைக்க மறுநாளும் இருந்தது. பிள்ளைகள் அவள் அறைப்பக்கமே வரவில்லை. தேவாலய விருந்தில் அவள் செய்து கொண்டுவந்த பெரோகிக் கொழுக்கட்டையை ஒருவரும் தொடவில்லை, மூடிய பாத்திரத்தோடு திரும்பினாள். அவளை நீக்கச் சொல்லி ஒரு மனு சுற்றியது. அதில் ஷெல்பியின் அம்மா கையெழுத்துதான் முதல். நான் போடவில்லை. ஆனால் அவளுக்காக வாயும் திறக்கவில்லை.

அந்த வருடம் யாரும் ஏரியில் விழவில்லை. அதுவே அவளுக்கு எதிராகப் போயிற்று. "பாத்தியா, ஒண்ணுமே ஆகல. வீணா பிள்ளைங்க பேரக் கெடுத்தா," என்றார்கள். போலீஸ் இரண்டு மாதம் கரையிலேயே நின்றதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஜூனில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு சிறிய பள்ளியில், வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தது. பெட்டிகளைக் காரில் ஏற்ற நான்தான் உதவினேன்.

"நீயாவது ஒரு வார்த்த பேசியிருக்கலாம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அடுத்து வந்த கவுன்சலரை எல்லாருக்கும் பிடிக்கும். அவர் எதுவும் கேட்பதில்லை.

நவம்பர் வந்தது. ஒரு மத்தியானம் ஏரிச்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். லைசென்ஸ் திரும்பக் கிடைத்திருந்த கார்சன் வண்டியைச் சரிவில் இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளே நாலு பேர். ஷெல்பி மட்டும் கரையில், கைகளைக் கோட்டுப் பைகளில் விட்டுக்கொண்டு நின்றாள். வண்டியிலிருந்து ஒருவன் அவளைப் பார்த்துக் கோழிபோலக் கொக்கரித்தான். அவள் நகரவில்லை. அவளிடம் பேச அங்கே ஒருவரும் இல்லை.

காரை ஓரமாக நிறுத்திப் போலீசுக்குப் போன் செய்தேன். பெயர் கேட்டார்கள். சொன்னேன், எழுத்துக்கூட்டியும் சொன்னேன்.

இப்போது காபிக்கடையில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை.